மறுமுனையில் யார்?

2020இல் கொரோனா பள்ளிகளை மூடிவைத்திருந்தபோது, தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே இருக்கும் போட்ஸ்வானாவில் ஒரு சோதனை நடந்தது. ஏறத்தாழ 4,500 குடும்பங்கள். எல்லா வீட்டிலும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள். அவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவின் பெற்றோருக்கு வாரம் ஒருமுறை குறுஞ்செய்தியில் சில எளிய கணக்குகள் போயின. இரண்டாம் பிரிவுக்கு அதே குறுஞ்செய்தி, கூடவே ஒரு போன் அழைப்பு. பயிற்றுநர் ஒருவர் பெற்றோரை அழைத்து, ஸ்பீக்கரில் போடச் சொல்லி, பிள்ளையோடு பதினைந்து இருபது நிமிடம் அந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பார். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஸ்மார்ட்போனோ இணையமோ தேவைப்படவில்லை. பட்டன் போன் போதும்.

முடிவு 2022இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வெளிவந்தது. குறுஞ்செய்தி மட்டும் பெற்ற பிள்ளைகளுக்கும் ஒன்றும் பெறாதவர்களுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அழைப்பும் பெற்றவர்கள் 0.12 திட்டவிலக்கம் முன்னேறியிருந்தார்கள். சிறிய எண்தான். ஆனால் பெருஞ்செலவில் நடந்த எத்தனையோ கல்வித் திட்டங்கள் இதைக்கூட எட்டியதில்லை. பிறகு இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் 16,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் இதையே செய்து பார்த்தார்கள். அங்கே பலன் 0.30 முதல் 0.35 வரை போனது.

கணக்கும் அதே கணக்கு, போனும் அதே போன். ஒரு பிரிவுக்கு மறுமுனையில் ஆள் இருந்தார், இன்னொன்றுக்கு இல்லை. வளரும் நாடுகளில் தொலைநிலைக் கல்வியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கருவியைப் பற்றித்தான் பேசிவந்திருக்கிறோம்: முதலில் வானொலி, பிறகு தொலைக்காட்சி, செயற்கைக்கோள், இணையம், இப்போது செயற்கை நுண்ணறிவு. ஒவ்வொரு கருவி வரும்போதும் ஆசிரியர் பற்றாக்குறை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது. எழுபது எண்பது ஆண்டு அனுபவத்தைத் திரும்பிப் பார்த்தால், நிலைத்து நின்ற திட்டங்கள் எல்லாமே ஆளையும் கணக்கில் சேர்த்தவை என்று தெரிகிறது.

கொலம்பியாவின் மலைநாட்டில் சுத்தாத்தென்சா என்றொரு சிற்றூர். 1947இல் அங்கே பாதிரியாராக வந்த ஹோசே ஹோவாகின் சால்செதோ ஒரு சிறு வானொலி நிலையத்தைத் தொடங்கி, எழுத்தறியாத விவசாயிகளுக்கு வாசிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுத்தார். அந்த ‘ரேடியோ சுத்தாத்தென்சா’ நாடு முழுவதும் பரவியது. லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகள் அதைப் பின்பற்றின. வானொலி சாதித்ததாகத்தான் வரலாறு சொல்கிறது. ஆனால் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு உதவியாளர் ஒருவர் இருந்தார். கொஞ்சம் வாசிக்கத் தெரிந்த விவசாயி, அல்லது அவர் மகள். குறித்த நேரத்தில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, வானொலியைப் போட்டு, ஒலிபரப்பில் சொல்லும் எழுத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது அவர் வேலை. சம்பளம் கிடையாது. கேட்டவர்கள் நிலையத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அவற்றுக்குப் பதிலும் போயிற்று. மூலை முடுக்கிலிருந்து வந்த அந்தக் கடிதங்களும் அந்த அமைப்பின் ஆவணங்களும் இன்று யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இருக்கின்றன.

மெக்சிகோ 1968இல் தொடங்கிய ‘தெலெசெகுந்தாரியா’வும் அப்படித்தான். பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வைத்துப் பள்ளி நடத்தும் அளவுக்கு மாணவர்கள் இல்லாத கிராமங்களில், தொலைக்காட்சிப் பாடத்தை வைத்து ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புகளை நடத்தும் திட்டம். தொலைக்காட்சி ஓடுவது கால் மணி நேரம் போல. மீதி நேரம் முழுவதும் வகுப்பறையில் நிற்கும் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடங்களையும் நடத்துவார், கேள்வி கேட்பார், நோட்டைத் திருத்துவார். அரை நூற்றாண்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும் திட்டம் இது. அந்நாட்டில் அந்த வகுப்புகளில் படிப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இதில்தான் படிக்கிறார். தொலைக்காட்சியை ஆசிரியருக்குப் பதிலாக வைக்காமல் ஆசிரியரின் கையில் கொடுத்ததால் கிடைத்த ஆயுள் என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

உயர்கல்விக்கு வந்தால் எல்லாரும் சுட்டிக்காட்டும் முன்மாதிரி பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1969இல் அரச பட்டயம் பெற்று, 1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர்களோடு தொடங்கியது. முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. பிபிசியில் வந்த அதன் பாடங்கள் உலகெங்கும் பேசப்பட்டன. வெளியாட்கள் கண்ணில் படாத இன்னொன்று உள்ளே நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு டியூட்டர். மாணவர் தபாலில் அனுப்பும் கட்டுரையை அவர் வரிவரியாகப் படித்து, ஓரத்தில் குறிப்பெழுதி, மதிப்பெண் போட்டுத் திருப்பி அனுப்புவார். அந்த ஓரக் குறிப்பு ஒருவகையில் உரையாடல்தான். வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்கும் கேள்விக்குப் பதில் மாதிரி. அந்த மாதிரியைப் பார்த்து எங்கெங்கோ திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன: பாகிஸ்தானில் 1974, தாய்லாந்தில் 1978, இலங்கையில் 1980, இந்தோனேசியாவில் 1984, வங்கதேசத்தில் 1992. அச்சடித்த பாடநூல்களும் ஒலிபரப்பும் கடல் கடந்து வந்தன. ஓரக் குறிப்பு வழியில் தேய்ந்துபோனது.

ஏன் தேய்ந்தது என்பதற்குப் பொருளாதாரத்தில் நேரான பதில் இருக்கிறது. ஒரு பாடநூலை நல்ல ஆட்களை வைத்து எழுதி வாங்க, ஆயிரம் பேர் படித்தாலும் லட்சம் பேர் படித்தாலும் செலவு ஏறத்தாழ ஒன்றே. ஆள் கூடக்கூடத் தலைக்கு விழும் செலவு குறைந்துகொண்டே போகும். தொலைநிலைக் கல்வி மலிவு என்று சொல்வதன் அடிப்படை இதுதான். ஒரு லட்சம் மாணவர்களுக்கு மேல் உள்ளவற்றை ‘மெகா பல்கலைக்கழகங்கள்’ என்று 1996இல் பெயரிட்டு நூல் எழுதிய ஜான் டேனியல், பரவல், தரம், செலவு மூன்றையும் ஒரே சமயத்தில் மேம்படுத்த முடியும் என்று வாதிட்டதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் டியூட்டர் செலவு அப்படி இறங்காது. மாணவர் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். ஆகவே பல்கலைக்கழகம் பெருகப் பெருக, நிர்வாகத்தின் கண்ணில் உறுத்தும் ஒரே செலவினமாக டியூட்டர் நிற்பார். கல்வியைக் கல்வியாக்கும் அந்த ஒரு பகுதியை வெட்டினால்தான் வரவுசெலவு அழகாகத் தெரியும். தொழில்நுட்பம் மிச்சம் பிடித்துத் தந்ததாக நாம் கொண்டாடிய பணத்தில் கணிசமான பங்கு இப்படி மிச்சமானது.

இந்தியாவின் கதை இதற்கு நல்ல சான்று. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை 1971இலும், அண்ணாமலை 1979இலும், சென்னை 1981இலும் வந்தன. நேர்க்கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள், பாதியில் கல்யாணமான பெண்கள், பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்பட்ட ஆசிரியர்கள், காவலர்கள், மின்வாரிய ஊழியர்கள் எனக் கூட்டம் சேர்ந்தது. ‘கரஸ்ல படிக்கிறேன்’ என்பது ஒரு தலைமுறையின் அன்றாட வாக்கியமாகிவிட்டது. வீட்டுக்குத் தபாலில் மெட்டீரியல் வரும். ஆண்டுக்குச் சில நாள் கான்டாக்ட் கிளாஸ். பிறகு ஹால் டிக்கெட். கான்டாக்ட் கிளாஸில் இருநூறு பேருக்கு ஒருவர் ஒரு பாடப்பகுதியை இரண்டு மணி நேரத்தில் சொல்லி முடிப்பார். பல பல்கலைக்கழகங்களில் இந்தத் துறைகள் ஈட்டிய உபரி, வளாகத்தில் நேராகப் படித்தவர்களின் செலவை ஈடுகட்டப் போனது. பகலில் குமாஸ்தா வேலை பார்த்து இரவில் படித்தவர், தன்னை விட வசதியான மாணவரின் படிப்புக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார் என்பதை நம் கல்வி விவாதங்களில் யாரும் அதிகம் பேசியதில்லை.

அஞ்சல்வழிக் கல்வியின் இந்தக் குறைகளைச் சரிசெய்யத்தான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற தனி அமைப்பு வந்தது. ஹைதராபாத்தில் 1982இல் முதலாவது, ஜி. ராம் ரெட்டி அதன் முதல் துணைவேந்தர். 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தபோது அதற்கும் அவரே. பாடநூல்கள் உண்மையிலேயே மேம்பட்டன. தாமாகப் படிப்பவருக்கென்றே எழுதப்பட்ட அந்த நூல்களை இன்று நேர்க்கல்லூரி மாணவர்களும் போட்டித் தேர்வுக்காரர்களும் தேடிப் படிக்கிறார்கள். அசைன்மென்ட் முறையும் வந்தது. அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் எழுதிய கட்டுரையில் ஓரக் குறிப்பு வராது என்று தெரிந்துவிட்ட பிறகு மாணவர் என்ன செய்வார்? ஜெராக்ஸ் கடையில் எழுதி முடித்த விடைகள் விற்பனைக்கு வந்துவிட்டன. அதை மாணவர்களின் ஒழுக்கக்கேடு என்று சொல்வோர் உண்டு. யாரும் படிக்காத ஒன்றை ஏன் சொந்தமாக எழுத வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

தரம் சரிந்ததும் நீதிமன்றமும் அரசும் உள்ளே வந்தன. 2009இல் தமிழக அரசு, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறாமல் திறந்தநிலையில் பெற்ற பட்டங்கள் அரசுப் பணிக்குச் செல்லாது என்று ஆணையிட்டது. ‘டைரக்ட் எம்.ஏ.’ முடித்திருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 2017 நவம்பரில், தொலைநிலையில் பொறியியல் பட்டம் வழங்கிய நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் தனித் தேர்வெழுதித் தேறினால்தான் பட்டம் செல்லும்; அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. பட்டறையில் கை வைக்காமல் பொறியாளராக முடியாது என்பது சரிதான். ஆனாலும் இந்தக் கண்டிப்புகள் எல்லாமே வாசலில் நின்றவை. யார் உள்ளே வரலாம், எந்த மாநிலத்தில் மையம் வைக்கலாம், எந்தப் படிப்பை நடத்தலாம் என்பவை கேட்கப்பட்டன. உள்ளே வந்தவருக்கு யார் கற்பித்தார் என்ற கேள்வி கடைசி வரிசையிலேயே இருந்தது. தொலைநிலைப் பட்டமும் நேர்ப் பட்டமும் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. வேலை கொடுப்பவர்கள் மானியக் குழுவின் சுற்றறிக்கையைப் பார்த்து ஆளெடுப்பதில்லை.

செயற்கைக்கோள்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு இந்தியா கல்வி ஒளிபரப்பு நடத்தியது. உலகமே வியந்த சோதனை அது. ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் நகர்ந்துவிட்டது. அந்த ஆண்டில் நடந்தவற்றில் எனக்கு முக்கியமாகத் தெரிவது, ஆயிரக்கணக்கான தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒளிபரப்பும் நேர்ப்பயிற்சியும் கலந்து தரப்பட்ட அறிவியல் பயிற்சி. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே ஏவப்பட்ட எடுசாட் அடுத்த பெரிய முயற்சி. வானத்தில் இருந்தது நன்றாகவே இயங்கியது. தரையில் கருவியைப் பழுதுபார்க்கவும் வகுப்பை நடத்தவும் வேண்டிய ஏற்பாடுதான் பல இடங்களில் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

இணையம் வந்தபோது நம்பிக்கை உச்சத்துக்குப் போனது. 2012இல் இணையப் பாடத் தளங்களான கோர்செராவும் எட்எக்ஸும் தொடங்கியபோது, ஆப்பிரிக்கக் கிராமத்துப் பெண் ஹார்வர்டு பேராசிரியரிடம் படிக்கப்போகிறாள் என்று பத்திரிகைகள் எழுதின. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களின் ஆறாண்டுத் தரவுகளை ஆராய்ந்து ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருய்பெரெஸ்-வாலியெந்தேயும் 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். 2017–18இல் சேர்ந்தவர்களில் படிப்பை முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. மாணவர் எண்ணிக்கையில் ஏற்பட்ட வளர்ச்சி, ஏறத்தாழ முழுக்கவே, உலகின் வசதியான நாடுகளிலிருந்து வந்தது. சான்றிதழுக்குப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களில் முடித்தோர் விகிதம் பல மடங்கு அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பணம் கட்டியவர்களுக்கு விடாப்பிடி கூடுதலாக இருந்திருக்கலாம். ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர் தாமாகப் படிப்பது எளிது என்பதும் உண்மை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவருக்கு, பேராசிரியரின் காணொளி எவ்வளவு அருமையாக இருந்தாலும், ‘இந்த இடம் புரியவில்லை’ என்று சொல்ல ஆள் வேண்டும்.

அடிப்படை வசதி பற்றிய எண்களை எல்லாரும் அறிவார்கள். இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். 2017–18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் ஊரகக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 விழுக்காடு. 2021இல் ‘அசர்’ கல்வி ஆய்வு, ஊரகப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் 67.6 விழுக்காட்டில் ஸ்மார்ட்போன் வந்துவிட்டதைக் காட்டியது. மூன்றாண்டுக்கு முன் அது 36.5. ஆனால் போன் இருந்த வீடுகளிலேயே நான்கில் ஒரு பிள்ளைக்கு மேல் அதைத் தொடவே கிடைக்கவில்லை. அப்பா வேலைக்குப் போகும்போது போனும் போய்விடும். திரும்பி வந்தால் அண்ணன் கைக்குப் போகும். கருவியின் எண்ணிக்கை வேகமாகக் கூடிக்கொண்டேதான் இருக்கிறது. இன்னும் பத்தாண்டில் இந்தத் தடை பெருமளவு நீங்கிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் அதையே முதல் பிரச்சினையாக வைத்துப் பேசுவது எனக்கு உவப்பாக இல்லை. அது தீர்ந்த மறுநாளும் மறுமுனையில் ஆள் இல்லாத குறை அப்படியே இருக்கும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. முந்தைய கருவிகளிலிருந்து இது உண்மையிலேயே வேறுபட்டது. கேட்டால் பதில் சொல்கிறது. மறுமுனையில் ஆள் இல்லாத குறையை இது நிரப்பிவிடுமா என்பதுதான் அடுத்த இருபது ஆண்டுகளின் கேள்வி. இரண்டு சோதனைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம், கணக்குப் பயிற்சியின்போது ஜிபிடி-4ஐக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண வடிவத்தைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சியில் 48 விழுக்காடு அதிகம் எடுத்தார்கள். கருவியைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களை விட 17 விழுக்காடு குறைவாக எடுத்தார்கள். விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களின் துணையோடு வடிவமைத்த இன்னொரு வகை, அந்தச் சரிவைப் பெரும்பாலும் தடுத்தது. இன்னொரு சோதனை நைஜீரியாவின் எடோ மாநிலத்தில், 2024இல், உலக வங்கி நடத்தியது. பள்ளி முடிந்த பின் கணினி அறையில் மாணவர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து, செயற்கை நுண்ணறிவோடு ஆங்கிலம் பழகினார்கள். ஆசிரியர்கள் அறையிலேயே இருந்து வழிநடத்தினார்கள். ஆறே வாரத்தில் 0.3 திட்டவிலக்கம் அளவுக்கு முன்னேற்றம். நைஜீரிய முடிவைச் செயற்கை நுண்ணறிவின் வெற்றி என்று செய்திகள் எழுதின. அந்த அறையில் ஆசிரியர் நின்றதைத் தலைப்பில் போட்டவர்கள் குறைவு.

கருவி ஆசிரியரின் நேரத்தை நீட்டித் தரும் என்பதை நான் நம்புகிறேன். ஐம்பது கட்டுரைகளில் எந்தப் பத்து பேர் ஒரே இடத்தில் இடறுகிறார்கள் என்று அது சொல்லிவிட்டால், டியூட்டர் அந்தப் பத்துப் பேரை அழைத்துப் பேசலாம். பேச்சுத்தமிழில் கேட்ட கேள்விக்கு, இரவு பதினொரு மணிக்கு, கருவி அலுக்காமல் மூன்றாம் முறையும் விளக்கலாம். எனக்குள்ள அச்சம் வேறு. பழைய கணக்கு மறுபடியும் மேசைக்கு வரும். டியூட்டர் என்ற செலவினத்தை முழுவதும் அடித்துவிட இதைவிட நல்ல சாக்கு நிர்வாகங்களுக்கு இதுவரை கிடைத்ததில்லை.

அந்தச் செலவினம் எவ்வளவு என்று போட்டுப் பார்க்கலாம். ஒரு மாணவருக்கு வாரம் இருபது நிமிடம், ஆண்டுக்கு நாற்பது வாரம் ஒருவர் பேசினால் ஏறத்தாழ 13 மணி நேரம். மணிக்கு 200 ரூபாய் கொடுத்தால் 2,700 ரூபாய்க்குள் முடியும். கேட்கும்போது பெரிதாகத் தோன்றாத தொகை. ஆனால் நம் தொலைநிலைக் கலைப் பட்டப்படிப்புகள் பலவற்றின் ஆண்டுக் கட்டணமே சில ஆயிரம்தான், அதில் இது பெரும்பங்கை விழுங்கிவிடும். கட்டணத்தைக் கூட்டினால் படிக்க வந்தவரே விலகிப்போவார். ஆட்கள் கிடைக்க மாட்டார்கள் என்ற வாதம் மட்டும் எடுபடாது. ஐந்து நாட்டுச் சோதனையில் தொண்டு நிறுவனப் பயிற்றுநர்கள் அளவுக்கு அரசுப் பள்ளி ஆசிரியர்களும் போனில் நன்றாகவே கற்பித்தார்கள். தமிழக அரசு 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’க்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். முதுகலை படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய, மதிப்பான ஊதியமுள்ள டியூட்டர் வேலை அவர்களுக்குப் பொருந்தும்.

ஆகவே பணம் எங்கிருந்து வரும் என்ற இடத்தில்தான் நிற்கிறோம். 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு, தொலைநிலையில் 45.73 லட்சம் பேர் படிப்பதாகச் சொல்கிறது, அதில் 20.94 லட்சம் பேர் பெண்கள். உயர்கல்வி மாணவர் பத்துப் பேரில் ஒருவர். அரசுக் கலைக் கல்லூரியில் நேராகப் படிக்கும் மாணவரின் ஆசிரியருக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. அது சலுகை என்று யாரும் சொல்வதில்லை. தொலைநிலை நிறுவனங்கள் பெரும்பாலும் மாணவர் கட்டும் கட்டணத்திலேயே ஓட வேண்டியிருக்கிறது. அங்கே படிப்பவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டு, வரியும் கட்டிக்கொண்டு படிக்கிறவர்கள். அந்த 45 லட்சம் பேருக்கு ஆசிரியர் செலவை அவர்களே ஏற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1962இலிருந்து அப்படி நடந்துவருகிறது, அவ்வளவுதான்.